முதல் காய்ச்சலுக்கு முன்

பனம்பாளையின் சீவிய நுனியிலிருந்து சொட்டும் இனிப்பு நீருக்குச் சில மணி நேரமே ஆயுள். அது விழும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் விடிவதற்குள் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, நீரும் ஒன்று. சுண்ணாம்புகூட புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர அறவே நிறுத்திவிடாது. அதனால் பருவத்தின் முதல் காய்ச்சல் நாளில் விறகு ஈரமாக இருந்தாலோ, வடிகட்டத் துணி இல்லாவிட்டாலோ, சிரட்டை போதாவிட்டாலோ, அதைத் தேடிப் போய் வருவதற்குள் பதநீர் கெட்டிருக்கும். கருப்பட்டித் தொழிலில் பாதி, அடுப்பு மூட்டும் முன்பே முடிந்துவிடுகிறது. ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையில் அந்தப் பாதி எப்படி நடக்கிறது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

இதற்கு நெருங்கிய உறவு ஒன்று மேலைநாடுகளில் உண்டு: தானியத்திலிருந்து வீட்டிலேயே பீர் வடிப்பது. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதை நேரடியாகத் தின்னாது. ஆகவே முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். முளைக்கும்போது உண்டான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. வடித்தெடுத்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாகாமல் நீர்த்து, லேசாக இனிப்பதும் அதே நொதிகளின் வேலைதான். தமிழுக்கு இது புதிதும் அல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளையால் செய்த அடையை அதில் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு வடிக்கும் முறை வருகிறது. பார்லிக்குப் பதில் நெல் என்றாலும், முளையைக் கொண்டு மாவைச் சர்க்கரையாக்கும் அடிப்படை ஒன்றே.

பனை இந்தச் சிரமத்தை மனிதருக்கு வைப்பதில்லை. மாவைச் சர்க்கரையாக்கும் வேலையை மரமே முடித்து, நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு சர்க்கரையுள்ள நீரை உச்சியில் தருகிறது. பீர் வடிப்பவர் அரை நாள் பாடுபட்டு எட்டும் இடத்தில் பனையேறியின் நாள் தொடங்குகிறது. அதன் பிறகு இருவர் நோக்கமும் எதிரெதிர். பீர் வடிப்பவர் தாம் தேர்ந்த ஒரே ஈஸ்ட்டை உள்ளே விட்டு மற்ற நுண்ணுயிர்களை வெளியே நிறுத்துகிறார். பனையேறிக்கு எந்த ஈஸ்ட்டும் ஆகாது. அழுக்குப் பாத்திரம் இருவருக்கும் எதிரி.

சட்டமும் பதநீரையும் கள்ளையும் பிரித்தே பார்க்கிறது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் முதலில் சேலம் மாவட்டத்தில், அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, ராஜாஜி ஆட்சியில் நடைமுறைக்கு வந்தது. 1971-இல் விலக்கு தளர்ந்தது, 1974-இல் திரும்பியது. 1981-இல் கள்ளும் சாராயமும் மீண்டும் விற்பனைக்கு வந்தன. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. வீட்டில் பீர் வடிப்பதும் இங்கே குற்றமே. ஆகவே கலயத்தில் தடவும் சுண்ணாம்பு சரக்கைக் காப்பதோடு பனையேறியையும் வழக்கிலிருந்து காக்கிறது. கள் தடை சரியா என்ற வாதம் தனி. ஆனால் தடையின் சுமை பதநீர் இறக்குபவர் தலையிலும் விழுந்திருக்கிறது என்பதைப் பனங்காட்டுப் பக்கம் போய்வந்த எவரும் மறுக்கமாட்டார்.

மன்னார் வளைகுடாக் கரையில் சாயல்குடி, நரிப்பையூர், கன்னிராஜபுரம் பகுதிகளில் பனை அடர்ந்து நிற்கிறது. கிழக்கே பெரியபட்டினம், மண்டபம் வழியாகப் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் தீவிலும் மணல்மேடுகளில் பனை உண்டு. வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி நிற்கும் மாவட்டம் இது. கண்மாய் வற்றி, வயல் வெடித்துக் கிடக்கும் மாதங்களில்தான் பனை கறக்கிறது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா பனைவெல்லத்துக்காக வாதாடியபோது முன்வைத்த கணக்கும் இதுதான்: கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய நீரும் வேண்டும், பனைக்கு இரண்டும் வேண்டாம், இனிப்பும் குறையாது.

தை, மாசியில் ஆண்பனை பாளை விடத் தொடங்கும். இதை அலகுப்பனை என்பார்கள். பெண்பனையாகிய பருவப்பனை அதற்குப் பின்னால் வரும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் உச்ச மாதங்கள். ஆடிக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நட்ட விதை பாளை காணப் பதினைந்து ஆண்டுகள்வரை, சில வேளை அதற்கு மேலும் ஆகும். இந்த ஆண்டு ஏறப்படும் மரம் யாரோ ஒரு முன்னோர் ஊன்றியது, அல்லது கீழே விழுந்த பழத்திலிருந்து தானே முளைத்தது.

ஆயத்தம் மரத்தின் உச்சியில் தொடங்குகிறது. காய்ந்த ஓலையையும் மட்டையையும் கழித்து, கால் ஊன்ற, கை பிடிக்க இடம் செய்ய வேண்டும். மட்டையடியில் வலைபோல் பின்னிக் கிடக்கும் பன்னாடையை வெட்டிக் கீழே போடுவார்கள். அதை எறிந்துவிடக் கூடாது. பதநீரை முதலில் வடிப்பது அதில்தான். வண்டும் எறும்பும் செத்த தேனீயும் அதில் தங்கிவிடும். நல்லதை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்பவரைப் பன்னாடை என்று ஏசும் வழக்கமும் அங்கிருந்து வந்ததே. பன்னாடைக்கு அது அநியாயம்.

பிறகு பாளையைப் பதப்படுத்த வேண்டும். ஆண்பாளையின் கதிர்களைச் சேர்த்து ஓலை நாரால் கட்டி, கடிப்பு என்னும் மர இடுக்கியால் அடியிலிருந்து நுனிவரை அழுத்தி அழுத்தி இளக்குவார்கள். பெண்பாளைக்கு வேறு இடுக்கி, வேறு பக்குவம். இளக்கிய பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவி வருவார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின் நீர் ஊறத் தொடங்கும். அழுத்தம் மிஞ்சினால் பாளை கருகும். குறைந்தால் நீர் வராது. எவ்வளவு அழுத்துவது என்பதை எழுதி வைக்க முடியாது. ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்பதுதான் இன்றுவரை நடக்கிறது. எல்லா மரமும் ஒரே நாளில் கறக்காது என்பதால், முதல் காய்ச்சல் நாளைக் குறிப்பது காலண்டர் ஆகாது. கொப்பரையின் அடி நிறைந்து, தீக்கு மேல் நிற்கும் அளவுக்குப் பதநீர் சேருகிற நாளே அந்த நாள்.

பனையேறியின் கருவிகள் கொஞ்சம்தான்: பாளை சீவும் அரிவாள், அதை இடுப்பில் தொங்கவிடும் அரிவாள்பெட்டி, காலை மரத்தோடு பிணைக்கும் தளைநார், அடிமரத்தில் சாய்த்து ஏறும் முருக்குத்தடி, நெஞ்சு உராயாமல் இருக்கத் தோல், சுண்ணாம்புப் பெட்டி. இவற்றில் அரிவாளும் தளைநாரும் முதல் நாளுக்கு முன் கட்டாயம் பார்க்கப்பட வேண்டியவை. அரிவாள் மழுங்கியிருந்தால் பாளை நசுங்கும். நசுங்கிய வாயில் நீர் தடைபடும், அழுகலும் சீக்கிரம் பிடிக்கும். அதனால் பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டுவது அன்றாட வேலை. தளைநார் போன பருவத்து மழையில் நனைந்து கிடந்ததா என்று பார்ப்பது உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு பனை முப்பது மீட்டர்வரை வளரக்கூடியது. ஒருவர் காலையும் மாலையும் முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்குகிறார். வைகாசியிலிருந்து, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுக்கும்போது உச்சி ஆடும். அப்போது பழைய நாரில் மிச்சம் பிடிப்பது முட்டாள்தனம்.

ஆயத்தத்தின் நடுவிலிருப்பது கலயம். கலயம் மண்பாண்டம், அதன் சுவரில் நுண்துளைகள் இருக்கின்றன. ஒரு முறை கள் விளைந்த கலயத்தின் துளைகளில் ஈஸ்ட்டும் புளிப்புக் கிருமிகளும் குடியிருக்கும். வெறும் நீரில் அலசினால் போகாது. பழைய கலயத்தின் உட்புறத்தில் காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டி, கழுவி, வெயிலில் காயவைத்து, ஓலைப் புகையிலோ தணலிலோ கவிழ்த்துச் சூடேற்றுவதே முறை. கழுவ நல்ல நீர் வேண்டும். கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும் ஊர்களில் இதுவே ஒரு தனிப் பாடு. உப்பு நீரில் கழுவிய கலயத்தின் ருசி கருப்பட்டிவரை வரும். மூக்கை நம்பலாம்: காய்ந்த கலயத்துக்குள் முகர்ந்தால் மண் வாசம் மட்டும் இருக்க வேண்டும். புளித்த வாசம் மிஞ்சியிருந்தால் அந்தக் கலயத்தைத் தள்ளிவிட வேண்டும். ஒரு கெட்ட கலயத்தின் நீர் கொப்பரையில் விழுந்தால் மற்ற நாற்பது கலயத்தின் உழைப்பும் போகும்.

சுண்ணாம்பு செய்யும் வேலை இது. பதநீரின் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது கரும்புச் சர்க்கரையின் அதே வகை. ஈஸ்ட் உள்ளே வந்ததும் ஒரு நொதியால் சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைத்து, பிறகு ஆல்கஹாலாக மாற்றுகிறது. பாக்டீரியாக்கள் இன்னொரு பக்கம் அமிலம் உண்டாக்குகின்றன. சுண்ணாம்பு நீரைக் காரமாக்கும்போது இந்த உயிர்களும் நொதியும் முடங்குகின்றன. கள்ளாக மாறாவிட்டாலும், பாதி உடைந்த சர்க்கரையே காய்ச்சலைக் கெடுக்கப் போதும். உடைந்த சர்க்கரை படிகமாகாது, ஈரத்தை இழுக்கும். எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாமல் களியாகவே நிற்கும் கருப்பட்டியின் கதை இதுதான். அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. தவறு முந்தின நாள் மாலை கலயத்தில் நடந்திருக்கிறது.

சுண்ணாம்பு மிஞ்சினாலும் கேடுதான். பதநீர் மஞ்சள் பாய்ந்து கசக்கும், கருப்பட்டி கருத்து நாக்கில் உறைக்கும். அளவைச் சரிபார்க்க வீட்டிலேயே வழி உண்டு. மஞ்சள்தூளைக் குழைத்துத் தாளில் தடவிக் காயவைத்து, அதில் ஒரு சொட்டு பதநீர் விட்டால், காரம் மிஞ்சியிருக்கும்போது மஞ்சள் செம்மையாக மாறும். லேசாக மாறினால் நல்லது; குங்குமம்போல் சிவந்தால் அடுத்த கலயத்தில் பூச்சைக் குறைக்க வேண்டும். வெயில் கடுமையான நாளில் கொஞ்சம் கூட்டுவதும், குளிர்ந்த விடியலில் குறைப்பதும் அனுபவக் கணக்கு.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தக் கரையில் கேட்க வேண்டிய கேள்வி. மட்டியும் சிப்பியும் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே பதநீருக்கு ஏற்றது. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையைப் பெயர்த்து வந்து காளவாயில் இட்டதும் உண்டு. பாறை பெயர்த்ததன் பலனாகப் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அரித்த அலைக்கும் அதில் பங்கு உண்டு. 1986-இல் 21 தீவுகளோடு கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. இன்று பவளச் சுண்ணாம்பு சிறைக்கு வழி. கடையில் வாங்கும் சுண்ணாம்பானால், வெள்ளையடிப்பதற்கென்று பசையும் நீலமும் கலந்து வருவதை ஒருபோதும் கலயத்தில் தடவக் கூடாது. நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் சலித்து, வழுவழுப்பாகக் குழைத்து, மூடி வைக்க வேண்டும். திறந்து கிடந்தால் காற்றுப் பட்டுச் சுண்ணாம்பு செத்துவிடும்.

காய்ச்சும் குடிலுக்கு விடிலி என்று பெயர். பனங்காட்டுக்குள்ளேயே ஓலையால் வேய்ந்து கட்டுவார்கள்; பருவம் முழுதும் குடும்பமே அங்கே தங்குவதும் உண்டு. ஏறுவது ஆண், காய்ச்சுவது பெண் என்பதே பெரும்பாலான வீடுகளில் வேலைப் பங்கீடு. ஏறுபவரின் பெயர்தான் தொழிலுக்கு நிலைத்தது. ஆனால் பதம் தவறினால் இருவர் உழைப்பும் வீண் என்பதால், காய்ச்சுபவரின் கையே கருப்பட்டியின் தரத்தைத் தீர்க்கிறது. அடுப்பின் வாய் எந்தப் பக்கம் என்பது காற்றைப் பார்த்து முடிவாகும். கச்சான் நேராக அடுப்புக்குள் புகுந்தால் தீ ஒரு பக்கம் சாய்ந்து கொப்பரையின் ஒரு விளிம்பு மட்டும் அடிப்பிடிக்கும். எனவே மேற்கிலும் தெற்கிலும் ஓலைத் தட்டி வைத்து மறைப்பார்கள். ஓலைக்கூரைக்கும் தீக்கும் நடுவே போதிய உயரம் விடுவதும், ஒரு குடம் நீர் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும் மறக்கக் கூடாதவை.

விறகுக் கணக்கைப் பலரும் குறைத்தே போடுகிறார்கள். 100 லிட்டர் பதநீரில் 10 முதல் 12 கிலோ கருப்பட்டி தேறும். மிச்சம் 88 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.26 மெகாஜூல் வெப்பம் தேவை. முதலில் கொதிநிலைக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் மொத்தம் 230 மெகாஜூலை நெருங்கும். காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும். ஆனால் திறந்த அடுப்பில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கொப்பரைக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. கூட்டிக் கழித்தால் 75 முதல் 100 கிலோ விறகு. லிட்டருக்கு ஒரு கிலோ என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமில்லை. அந்த மரத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வாய்க்கும் ஒரே இடம் அடுப்படிதான். நின்று எரியும் முற்றிய சீமைக்கருவேலம் தொடக்கத்திலும், சட்டென்று ஏற்றவும் தணிக்கவும் வசதியான பனைமட்டை கடைசிக் கட்டத்திலும் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக அடுக்கி வைப்பது நல்லது.

கொப்பரை வாயகன்றதாக இருக்க வேண்டும். பரப்பு கூடினால் ஆவியும் கூடும், நேரம் குறையும். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, பதநீர் பொங்கும். பொங்குவதை அடக்க ஆமணக்கு முத்தை நசுக்கி வைத்திருப்பார்கள். ஒரு சிட்டிகை விழுந்ததும் நுரை படுத்துவிடும். எண்ணெய்ப் பசை நுரையின் மென்தோலைக் கிழிப்பதே அதன் வேலை. துடுப்பு நீளமாக, கைபடும் இடத்தில் சூடேறாத மரத்தில் இருக்க வேண்டும். பாகு தெறித்தால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும், ஒட்டிக்கொண்டு இழுத்தாலும் வராது. ஆகவே காய்ச்சும் இடத்தில் குழந்தைகளை விடுவதில்லை என்பது எழுதாத விதி.

முதல் நாள் ஒழுங்கு எளியது. விடியற்காலையில் இறங்கிய பதநீர் பன்னாடையிலும் பிறகு துணியிலும் வடிந்து, தெளியச் சற்று நேரம் நிற்கும். அடியில் படியும் சுண்ணாம்பு வண்டலைக் கலக்காமல் தெளிந்ததை மட்டும் கொப்பரையில் ஊற்ற வேண்டும். தீ முதலில் ஓங்கி எரியலாம். மேலே திரளும் அழுக்கை அகப்பையால் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீர் சுண்டி நிறம் சிவந்து கூழ்ப்பதம் வந்ததும் தீயைக் குறைத்து, துடுப்பை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். பெரிய நுரை அடங்கிச் சின்னக் குமிழ்கள் சொதசொதவென்று வெடிக்கத் தொடங்கும். அப்போது ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார்கள். கரைந்தால் பதம் வரவில்லை. விரலுக்குள் உருண்டு, தரையில் போட்டால் சத்தம் கேட்டால் இறக்கிவிடலாம். வெப்பமானி இருந்தால் 115 டிகிரி தாண்டும்போதே கவனம் வேண்டும். 

இறக்கிய பாகைச் சற்று ஆறவிட்டு, ஓரத்தைத் துடுப்பால் தேய்த்தால் படிகம் பிடிக்கும். பிடித்ததும் வார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் கொப்பரையே அச்சாகிவிடும். சிரட்டைகளை முந்தின இரவே நீரில் ஊறப்போட்டு, காலையில் ஈர மணலில் வரிசையாகப் பதித்து வைத்திருப்பது இதற்காகத்தான். ஊறாத சிரட்டை பாகை விடாது. 12 கிலோவுக்கு எத்தனை சிரட்டை என்பதை முதலிலேயே எண்ணி, பத்து கூடுதலாக வைப்பது புத்திசாலித்தனம்.

இறுகிய கருப்பட்டியைக் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்தால் இரண்டே நாளில் கசியும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி, ஓலைப் பெட்டியில் அடுக்கி, புகையும் சூடும் படவிடுவதே பழைய வழி. அதைவிட நல்ல வழியை இதுவரை யாரும் காட்டவில்லை. ஈயம் பூசாத பழைய பித்தளைப் பாத்திரமும், சூடு ஆறும் முன்பே காற்றுப் புகாமல் கட்டிய பிளாஸ்டிக் பையும் ஆகாது.

முதல் காய்ச்சல் கோணிப்போவது உண்டு. களியாக நின்றதை எறிய வேண்டியதில்லை. அதைப் பாணியாக வைத்துப் புட்டுக்கும் களிக்கும் ஊற்றிக்கொள்ளலாம். இறுகவில்லையே என்று சீனி சேர்ப்பதுதான் தவறு. சீனி கலந்தால் பளிச்சென்று இறுகும், எடையும் கூடும். சந்தையில் அதைக் கருப்பட்டி என்று விற்பது கலப்படம். உண்மையான சிரட்டைக் கருப்பட்டி விலைபோகாமல் பனையேறிகள் மரத்தை விட்டு இறங்கியதற்கு இந்தக் கலப்படம் ஒரு பெரிய காரணம். ஏறுவார் இல்லாத மரம் செங்கல் சூளைக்குப் போனது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் வெளியான முதல் வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பின், அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று ஆகியிருக்கிறது.

காலையில் தொடங்கிய காய்ச்சல் முடிய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். வெயில் சாயும்போது மறுபடி மரம் ஏறியாக வேண்டும். முதல் நாள் என்பதற்காகப் பாளை காத்திருக்காது. ஆகவே மாலைக்கான கலயங்களைக் கழுவி, காயவைத்து, சுண்ணாம்பு தடவி நிழலில் கவிழ்த்து வைக்கும் வேலையை, கொப்பரையில் நீர் கொதிக்கத் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.